கோபன்ஹேகனில் ஒரு அடுப்படி!

வீடு மாற்றுவது என்றால் எங்கள் நாமக்கல் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான். அட்வான்ஸைத் திருப்பி வாங்கி, மினி லாரி பிடித்து, பீரோ, கட்டில், கிரைண்டர் எல்லாவற்றையும் ஏற்றி, புது வீட்டில் முதலில் சாமி படத்தையும் உப்பையும் இறக்கிப் பால் காய்ச்சுவது. அதனால், "மே மாசம் மூணு வாரத்துக்கு வீடு மாத்திக்கிறோமுங்க" என்று நான் சொன்னதும் பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய், "ஏங்கண்ணு, சொந்த வீட்ட வித்துப்போட்டீங்களா?" என்றார்.

விற்கவில்லை. கைமாற்றாகக் கொடுத்திருந்தோம்.

வெள்ளைக்கார நாடுகளில் இப்படி ஒரு வழக்கம் உண்டு. உன் வீட்டில் நான் தங்குகிறேன், என் வீட்டில் நீ தங்கு. ஓட்டல் செலவு இரண்டு பேருக்கும் மிச்சம். 1950-களில் பள்ளிக்கூட வாத்தியார்கள் ஆரம்பித்து வைத்தது. லீவு நீளம், சம்பளம் குட்டை என்று இருப்பவர்களுக்குத்தானே இப்படியெல்லாம் மூளை வேலை செய்யும்! இப்போது இணையத்தில் பெயர் பதிந்து உலகம் முழுக்க மாற்றிக்கொள்கிறார்கள்.

பி.காம். முதல் வருஷத்தில் 'பண்டமாற்று முறையின் குறைகள்' என்று ஒரு கேள்வி வரும். உன்னிடம் இருப்பது எனக்கு வேண்டும், என்னிடம் இருப்பது உனக்கு வேண்டும், அதுவும் ஒரே நேரத்தில் வேண்டும், இது அமைவது அபூர்வம் என்று எழுதினால் முழு மார்க். மோகனூர் ரோட்டில், ஊரை விட்டு ஒதுங்கி, ஒரு எருமையும் ரெண்டு தென்னையும் உள்ள ஓட்டு வீட்டை டென்மார்க் தலைநகரத்திலிருந்து ஒருவர் கேட்பார் என்று அந்தப் பாடம் எழுதினவர் நினைத்திருக்க மாட்டார்.

கேட்டார்கள். ரிட்டயரான வாத்தியார் தம்பதி. அவர்களுக்குத் தரங்கம்பாடி பார்க்க வேண்டும். மேப்பில் நாமக்கல் பக்கத்தில் தெரிந்ததாம். "பக்கமில்லை, இருநூறு கிலோமீட்டருக்கு மேலே" என்று எழுதினோம். பரவாயில்லை என்றார்கள். "மே மாசம் இங்கே கத்திரி வெயில்" என்று எழுதினோம். "வெயிலுக்காகத்தான் வருகிறோம்" என்று பதில்! அதற்கு மேல் எச்சரிக்க எங்களுக்கு மனசில்லை. டிக்கெட்டுக்காக என் ஏலச்சீட்டை அதற்குள் எடுத்தாகிவிட்டது.

ஒரே ஒரு சிக்கல், அத்தை. அதாவது என் மாமியார். வீடு மாற்றினால் வீட்டைக் காலியாக ஒப்படைக்க வேண்டும் என்பது முறை. அத்தை நகர மறுத்துவிட்டார். "நான் அக்கட்டால போயிட்டா எருமைக்கு யாரு தண்ணி காட்டுவா? பொழுதோட சாமிக்கு யாரு வெளக்கு வெப்பா? தொரைசானியா?" நியாயமான கேள்வி. என் வீட்டுக்காரர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் கணக்கு எழுதுகிறவர். அவர் யோசித்துவிட்டு, "அசையும் சொத்து, அசையாச் சொத்துன்னு ரெண்டு கலம் போடுவோமில்ல, அம்மாவ ரெண்டாவதுல எழுதிப்போடு" என்றார். அப்படியே எழுதினேன்: வீட்டோடு ஒரு மாமியாரும் உண்டு. மிகுந்த சந்தோஷம் என்று பதில் வந்தது.

கூடவே அவர்கள் வீட்டைப் பற்றி 14 பக்கக் கையேடு ஒன்றும் வந்தது. சுடுதண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் திருக வேண்டும், செடிக்கு எத்தனை தம்ளர் தண்ணீர், சலவை இயந்திரம் அடித்தளத்தில் எல்லாக் குடித்தனத்துக்கும் பொது என்பதால் எந்தப் பலகையில் நேரம் குறிக்க வேண்டும், பத்து வகைக் குப்பையில் எது எந்தத் தொட்டி... நம் வீட்டுக்கும் ஒன்று எழுதி அனுப்பச் சொன்னார்கள். உட்கார்ந்தேன். காவிரித் தண்ணீர் எப்போது வரும்? அத்தையைக் கேட்கவும். மோட்டார் ஓடவில்லையென்றால்? அத்தையைக் கேட்கவும். பால் கணக்கு, கேஸ் சிலிண்டர், தேள், பாம்பு? அத்தை, அத்தை, அத்தை. முக்கால் பக்கம் போன பிறகு எல்லாவற்றையும் அடித்துவிட்டு அந்த ஒரே வரியை மட்டும் அனுப்பினேன். அத்தைக்கு இங்கிலீஷ் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது என்பதைச் சேர்க்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா மகள் காலேஜில் படிக்கிறாள், மொழிபெயர்ப்பு இலாகாவை அவளிடம் ஒப்படைத்தாயிற்று.

கோபன்ஹேகன் என்றால் 'வியாபாரிகள் துறைமுகம்' என்று பொருளாம். காமர்ஸ் படித்தவளுக்குப் போகும்போதே ஊர் பிடித்துப்போனது. ஏர்போர்ட்டிலிருந்து வீட்டுப் பக்கம் வரை மெட்ரோ ரயில். 2002-லிருந்து ஓடுகிறது, டிரைவர் கிடையாது! முன்பக்கக் கண்ணாடியை ஒட்டின முதல் ஸீட்டில் என் பத்து வயசுப் பையன் உட்கார்ந்து, தானே ஓட்டுவதாகப் பாவனை பண்ணிக்கொண்டு வந்தான். லாரியும் டிரைவரும் நிறைந்த ஊரிலிருந்து போன என் வீட்டுக்காரர்தான் கம்பியை விடவே இல்லை. "ஆளே இல்லாம ஒரு வண்டி போகுது, ஒருத்தராச்சும் திரும்பிப் பாக்கறாங்களா பாரு!" ஸ்டேஷனில் தடுப்புக் கதவும் இல்லை, டிக்கெட்டை வாங்கிப் பார்க்க ஆளும் நிற்கவில்லை. எப்போதாவது பரிசோதகர் ஏறுவாராம், மாட்டினால் அபராதம் பலம். மற்றபடி, நீ வாங்கியிருப்பாய் என்று நம்புகிறார்கள்.

சாவியைக் கீழே பேக்கரியில் கொடுத்து வைத்திருந்தார்கள். பெயரைச் சொன்னதும் அந்தப் பெண் எடுத்து நீட்டினாள். அடையாள அட்டை கேட்கவில்லை. வீடு ஐந்தாவது தளம், லிஃப்ட் கிடையாது. புரட்டாசி சனிக்கிழமை நைனாமலை ஏறிய காலுக்கு இது பெரிசில்லை என்றாலும், பெட்டி தூக்கிக்கொண்டு நைனாமலை யாரும் ஏறுவதில்லை.

வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும் என்று கையேட்டில் பார்த்ததும் நம்ம ஆளுங்க என்று தோன்றியது. குளியலறையைப் பார்த்ததும் அந்த எண்ணம் போனது. கக்கூஸ் பீங்கானுக்கும் குளிக்கும் ஷவருக்கும் நடுவே ஒரு முழம் இடம். ஒன்றில் உட்கார்ந்தபடியே இன்னொன்றைத் திறக்கலாம். பழைய கட்டடங்களில் இப்படித்தான், பிறகு செருகியது என்றார்கள். (சொம்பு கொண்டு போயிருந்தேன். அது பற்றி மேலும் கேட்காதீர்கள்.)

அடுப்படிக்கு வருகிறேன்.

எனக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம். எங்கள் வீட்டு அடுப்படி அத்தையுடையது. கொடுமைக்கார மாமியார் கதையெல்லாம் இல்லை, நல்ல மனுஷி. ஆனால் உப்பு ஜாடி அடுப்புக்கு இடப்பக்கம், கீழ்த்தட்டில், பருப்பு டின்னுக்குப் பின்னால் இருக்கும். குனிந்து, டின்னை நகர்த்தி, உப்பை எடுத்து, மறுபடி டின்னை நகர்த்த வேண்டும். அது அத்தை கல்யாணமாகி வந்த நாளில் அவருடைய மாமியார் வைத்த இடம். அதற்கு முன்னால் எனக்கு இருந்தது அம்மா வீட்டு அடுப்படி; அது அம்மாவுடையது. ஆக, முப்பத்தாறு வயசில், நான் கடுகை எங்கே வைப்பது என்று நானே முடிவு செய்த முதல் அடுப்படி, கோபன்ஹேகனில் முன்பின் பார்க்காத ஒரு டீச்சரம்மாவுடையது!

நாலு பேர் நிற்க முடியாத இடம்தான். அதிலிருந்து நேரே பின்புற முற்றத்துக்கு இறங்க ஒரு தனி மாடிப்படி. டப்பா ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. சர்க்கரைக்கு அவர்கள் பாஷையில் 'சுக்கர்'. நம்ம சக்கரைதான் கப்பலேறிப் போயிருக்கிறது. நான் கொண்டுபோன கடுகு, சீரகம், புளி, செலவுப்பொடி எல்லாவற்றையும் கைக்கெட்டுகிற உயரத்தில் வரிசையாக வைத்தேன். வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் கண்ணைத் திறந்தால் பளீரென்று வெயில். நேரமாகிவிட்டது என்று அலறியடித்து எழுந்து அடுப்படிக்கு ஓடினால், மணி ஐந்துகூட ஆகவில்லை! மே மாசக் கடைசியில் அங்கே நாலே முக்காலுக்கெல்லாம் விடிந்து, ராத்திரி ஒன்பதரை வரை பொழுது இறங்குவதில்லை. அந்த நேரத்தில் காபி கேட்க யாருமில்லை. சோறு இன்றைக்கு உண்டா என்று கேட்கவும் ஆளில்லை. ஒருநாள் மத்தியானம் இரண்டு மணி வரை அடுப்பையே பற்றவைக்கவில்லை. வானம் இடிந்து விழவில்லை. பாத்திரம் மட்டும் தொட்டியில் கிடந்தது. வேறு வழியில்லாமல் என் வீட்டுக்காரர் கழுவினார். நல்லாவே கழுவினார்.

முட்டை வாங்கப் போனேன். நாமக்கல்காரி எந்த ஊர் போனாலும் முதலில் முட்டை விலைதான் கேட்பாள். எங்கள் பக்கத்துப் பண்ணைகளில் நாளொன்றுக்குச் சுமார் 5 கோடி முட்டை. டென்மார்க்கின் மொத்த ஜனத்தொகையே 60 லட்சம். ஆளுக்கு எட்டு முட்டை நாங்கள் தினமும் போடலாம்! நான் வாங்கிய அட்டையில் ஒரு முட்டை மூன்று குரோன் விழுந்தது, நம் காசில் நாற்பது ரூபாய்க்குப் பக்கம். நாமக்கல் விலையைச் சொன்னால் கடைக்காரன் கடையை மூடிவிட்டு நம்மோடு வந்துவிடுவான்.

ஆனால் விலையை விட என்னைப் பிடித்து நிறுத்தியது, முட்டை மேல் அச்சடித்திருந்த நம்பர். ஐரோப்பிய நாடுகள் முழுக்க இது சட்டம். முதல் எண்ணைப் பார்த்தால் அதைப் போட்ட கோழி எப்படி வாழ்கிறது என்று தெரியும். 0 என்றால் இயற்கைத் தீனி தின்று வெளியே மேய்கிற கோழி. 1 என்றால் வெளியே நடமாடுகிற கோழி. 2 என்றால் கொட்டகைக்குள் நடமாடுகிற கோழி. 3 என்றால் கூண்டுக் கோழி. நான் போன கடைகளில் 3 கண்ணில் படவே இல்லை. எங்கள் ஊரில் வரிசை வரிசையாகக் கம்பிக் கூண்டுதான். தீனி தேடி வரும், தண்ணீர் தேடி வரும், முட்டை சரிந்து உருண்டு முன்னால் வரும். கோழி மட்டும் எங்கும் போகாது. அந்த அஞ்சு கோடியும் ஐரோப்பாவில் மூணாம் நம்பர்!

வீட்டுக்கு வந்து அட்டையை மேஜை மேல் வைத்துவிட்டு, "ஏனுங்க, எனக்கு எத்தனாம் நம்பர் போடலாம்?" என்று கேட்டேன். அவர் முட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே சைக்கிள் போவதைப் பார்த்தார்.

சைக்கிள் பற்றியும் சொல்ல வேண்டும். காருக்கு அங்கே வரி கண்ணைக் கட்டும், பெரிய பெட்ரோல் காருக்கு விலையை விட வரி அதிகம். ஆகவே கோட்டு சூட்டுப் போட்டவரும் சைக்கிள், கர்ப்பிணியும் சைக்கிள். முன்னால் மரப்பெட்டி கட்டின மூணு சக்கர சைக்கிளில் ரெண்டு குழந்தை, ஒரு நாய், வாரத்து மளிகை. சைக்கிளுக்குத் தனிப் பாதை. அதில் பராக்குப் பார்த்து நின்ற என் வீட்டுக்காரரை எழுபது வயசுப் பாட்டி ஒருத்தி மணியடித்துத் திட்டிக்கொண்டே போனாள். பாஷை புரியாவிட்டாலும் சேலம் பஸ் ஸ்டாண்டில் கேட்ட மாதிரியே இருந்தது.

என்னை உலுக்கின காட்சி வேறு. காபிக் கடை வாசலில், நடைபாதையில், தள்ளுவண்டி. உள்ளே கைக்குழந்தை தூங்குகிறது. பக்கத்தில் யாருமில்லை. அம்மாவோ அப்பாவோ உள்ளே உட்கார்ந்து காபி குடிக்கிறார்கள். ஒன்றல்ல, மூன்று வண்டி! வெளிக்காற்றில் தூங்கினால் பிள்ளைக்கு நல்லது என்பது அவர்கள் நம்பிக்கை. குளிர்காலத்திலும் போர்த்திவிட்டு வெளியே தூங்க வைப்பார்கள். 1997-ல் ஒரு டேனிஷ் தாய் நியூயார்க்கில் இதே மாதிரி ஓட்டல் வாசலில் குழந்தையை விட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள். போலீஸ் வந்து கைது பண்ணி, குழந்தையைக் கொண்டுபோய்க் காப்பகத்தில் ஒப்படைத்து, இரண்டு நாட்டுப் பேப்பரிலும் நாறிப்போனது. நம் ஊரில் கைது இல்லை. ஆனால் மூன்று நிமிஷத்தில் நாலு பொம்பளைகள் சேர்ந்து "பெத்தவ எங்கடி போனா?" என்று தெருவைக் கூட்டிவிடுவார்கள். என் பையன் ஒரு நாள், ஒரு நிமிஷம் ஆளில்லாமல் தூங்கியதில்லை. அத்தை இருந்தார், பக்கத்து வீட்டு அக்கா இருந்தார். அந்த ஊர் யாரும் பார்க்காமலே நம்புகிறது. நம் ஊர் எந்நேரமும் பார்த்துக்கொண்டே இருக்கிறது. பிள்ளைக்கு இரண்டும் நல்லதுதான். ராத்திரி ஒன்பது மணிக்கு, ஊர் நடுவே இருக்கிற ஏரிக்கரையில், யாரிடமும் எங்கே போகிறேன் என்று சொல்லாமல் தனியாக நடந்தபோது, பெரியவர்களுக்கு எது நல்லது என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

இனி நாமக்கல் செய்தி. அத்தை காலை ஐந்து மணிக்குச் சாணி தெளித்து முடித்ததும் போன் போடுவார். அங்கே அப்போது ராத்திரி ஒன்றரை. முதல் நாள் செய்தி: "மத்தியானம் பன்னெண்டு மணிக்குப் போயி வாசல்ல கட்டலப் போட்டுப் படுத்துக்குதுங்க கண்ணு. மூஞ்சியெல்லாம் தக்காளி மாதர ஆயிருச்சு. வைது உள்ளார கூட்டிட்டு வந்தேன்." மூன்றாம் நாள்: கம்மஞ்சோறும் மோரும் பிடித்துவிட்டது. ஐந்தாம் நாள் குரலைத் தாழ்த்தி, "அந்த மனுசன் பாத்திரங் கழுவறாரு கண்ணு. வேண்டாமுங்கன்னா கேக்க மாட்டேங்கறாரு. தேச்சா வெள்ளி மாதர இருக்குது." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகனுக்குத் திடீரென்று தூக்கம் வந்துவிட்டது.

தரங்கம்பாடிக்கு அத்தையையும் காரில் அழைத்துப் போனார்கள். அறுபத்தெட்டு வயசில் அத்தை கடல் பார்த்தது அன்றைக்குத்தான். அந்த நாள் நாங்களும் கோபன்ஹேகனில் அதே கணக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். 1620-ல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டுத் தரங்கம்பாடியை வாங்கிய ராஜா, நான்காம் கிறிஸ்டியன். வருஷ வாடகை 3,111 ரூபாய். நாயக்கர் தங்கத் தகட்டில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றைக்கும் டென்மார்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. அதே ராஜா கட்டின வட்டக் கோபுரத்தில் நாங்கள் ஏறினோம். படியே இல்லாமல் சுற்றிச் சுற்றி ஏறுகிற சரிவுப் பாதை, 1642-ல் முடிந்தது. அவர் கட்டின பழைய பங்குச் சந்தைக் கட்டடத்தையும் தேடிப் போனேன். நாலு டிராகன் வால் முறுக்கிக்கொண்ட மாதிரி அதற்கு ஒரு கோபுரம் இருந்தது. 2024 ஏப்ரல் 16-ம் தேதி தீப்பிடித்துக் கோபுரம் சரிந்தது. தெருவில் போனவர்களெல்லாம் உள்ளே ஓடிப் பழைய ஓவியங்களைத் தோளில் சுமந்து வெளியே கொண்டு வந்தார்களாம். நான் பார்த்தபோது சாரம் கட்டி மூடியிருந்தது.

1845-ல் தரங்கம்பாடியையும் வங்காளத்து ஸ்ரீராம்பூரையும் சேர்த்து ஆங்கிலேயக் கம்பெனிக்குப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு விற்றுவிட்டுப் போனார்கள். குடக்கூலிக்கு வந்தவர் வீட்டை விற்றுவிட்டுப் போன வழக்கு! ஆக, அவர்கள் நம் வீட்டில் 225 வருஷம். நாங்கள் அவர்கள் வீட்டில் 21 நாள். பாக்கியை யார் பேரில் எழுதுவது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டிருக்கிறேன்.

அத்தை போனில் சொன்னது: "கடலோரத்துல கோட்டை. இவங்க ஊரு ஆளுங்க கட்டுனதாம். அந்தம்மா சொவுத்தத் தொட்டுத் தொட்டுப் பாத்துது. எனக்குக் கடலத்தான் பாக்கோணும்னு இருந்துச்சு. பாத்துக்கிட்டே இருந்தேன். அவங்களும் கூப்புடல."

பதினோராம் நாள் வந்ததுதான் செய்தி. "கண்ணு, அந்தம்மா அடுப்படியெல்லாம் மாத்தி வெச்சிருச்சு. டின்னுக்கெல்லாம் சீட்டு ஒட்டியிருக்குது. உப்பு இப்ப மேல, கைக்கு எட்டற மாதர இருக்குது. எடுக்க வாகா இருக்குது கண்ணு. குனிய வேண்டியதில்ல, முட்டி வலியும் கொறைஞ்சிருக்குது."

எனக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது! பன்னிரண்டு வருஷம் ஒரு அங்குலம் நகராத உப்பு ஜாடி, பதினோரு நாளில் தட்டு மாறிவிட்டது. "அத்தே, நான் சொன்னப்ப வேண்டாம்னீங்களே" என்றேன். "நீ எப்பக் கண்ணு சொன்ன?" என்றார். சொன்னேன். கல்யாணமான முதல் ஆடி, பதினெட்டாம் பெருக்கன்று காலையில். தேதியோடு சொன்னதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம், "அன்னிக்கு எங்க மாமியா உசுரோட இருந்தாங்க கண்ணு" என்றார்.

உண்மைதான். கூடத்துக் கட்டிலில் படுத்தபடி அந்த அப்பத்தா அடுப்படிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். டின் நகர்கிற சத்தம் கேட்காவிட்டால், "உப்பு எங்க போச்சு?" என்று குரல் வரும்.

ஊர் திரும்பி நாலு மாசமாகிறது. சீட்டுகள் அப்படியே இருக்கின்றன. அத்தைக்கு அந்த எழுத்துப் படிக்க வராது, இருந்தாலும் கிழிக்க விடமாட்டேன் என்கிறார். கடுகை மட்டும் நான் என் உயரத்துக்கு மாற்றி வைத்தேன். பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் பாத்திரம் கழுவுகிறார், கொல்லைப்பக்கத் தொட்டியில், பக்கத்து வீட்டு அக்கா சந்தைக்குப் போன நேரமாகப் பார்த்து.

போன வாரம் நார்வேயில் பெர்கன் என்கிற ஊரிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் வீட்டைக் கேட்டு எழுதியிருக்கிறது. வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் மழை பெய்கிற ஊர். அத்தையிடம் சொன்னேன். எருமைக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து, "வரட்டும், வரட்டும். அவங்க ஊட்டு ஆம்பள பாத்திரங் கழுவுவாரான்னு மட்டும் கேட்டு எழுதிப்போடு" என்றார்.